உங்களுக்குத் தெரியுமா? சோழவரம் முதல் பழவேற்காடு வரை சைக்கிளில்

சோழவரத்திலிருந்து பழவேற்காடு செல்லும் சைக்கிள் பயணம் நன்னீர் ஏரியருகே தொடங்கி உப்பங்கழிக் கரையில் முடிகிறது. காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து தச்சூர் கூட்டுச்சாலை வரை லாரிகள் விரையும் தேசிய நெடுஞ்சாலை. மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி இதுவே. பொன்னேரியைத் தாண்டினால் ஏற்றமே இல்லாத சமதளச் சாலை, வயல்வெளி, கடற்காற்று. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழியான பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை அழிந்துவிட்டது. அவர்களது கல்லறைத் தோட்டம் நிலைத்திருக்கிறது, அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம்.