செஞ்சியைப் பிடிக்க எத்தனை சுற்று?

1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். மலை அதே மலை, மதில் அதே மதில், அகழியும் அதுவே. எட்டு ஆண்டு எங்கே, ஓர் இரவு எங்கே? இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லத் தெரியாத எந்தக் கணினி ஆட்டமும் தன்னை வரலாற்று ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் வாதம். காரணம் சொல்லும் இடத்துக்கு ஓரளவு நெருங்கி வந்தது, 2018 பிப்ரவரி 8 அன்று வெளியான ஒரு விரிவாக்கத் தொகுப்பு. 'சிவிலைசேஷன் 6' என்ற ஆட்டத்துக்காக ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய அதன் பெயர் 'ரைஸ் அண்ட் ஃபால்', எழுச்சியும் வீழ்ச்சியும். அது எதைச் சரியாகப் பிடித்தது, எங்கே கோட்டை விட்டது என்பதை உரசிப் பார்க்க, திண்டிவனத்துக்கு மேற்கே 30 கி.மீ.க்குள் நிற்கும் அந்த மூன்று மலைகள் போதும்.

இந்த ஆட்டத்தை ஆடாதவர்களுக்காக முதலில் அடிப்படையைச் சொல்லிவிடலாம். சிட் மையர் என்ற அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளரின் பெயரோடு 1991இல் தொடங்கிய வரிசை இது. ஆதிகாலத்தில் ஒற்றை ஊரோடு தொடங்கி, உழவு, எழுத்து, இரும்பு, வெடிமருந்து என்று ஒவ்வொன்றாகக் கற்று, விண்வெளிவரை ஒரு நாகரிகத்தை நடத்திச் செல்லவேண்டும். சதுரங்கம்போல முறைவைத்து ஆடுவது இது. உங்கள் ஊர்களுக்கும் படைகளுக்கும் வேண்டிய உத்தரவுகளைப் போட்டு முடித்து, 'அடுத்த சுற்று' பொத்தானை அழுத்தினால்தான் எதிராளிகள் நகர்வார்கள். விரல் வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை, அவசரமில்லாமல் யோசிக்கலாம். விரிவாக்கத் தொகுப்பு என்பது மூல ஆட்டத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர் தனியாகக் காசு கொடுத்து வாங்கி அதன்மேல் சேர்த்துக்கொள்ளும் பகுதி. புதிய நாடுகளையும் புதிய தலைவர்களையும் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் தொகுப்புகள் உண்டு. 'ரைஸ் அண்ட் ஃபால்' எட்டுப் புதிய நாகரிகங்களையும் ஒன்பது தலைவர்களையும் கொண்டுவந்தது; மூல ஆட்டத்தில் இந்தியா என்றால் காந்தி என்றிருந்த இடத்தில் சந்திரகுப்த மௌரியரையும் தேர்ந்தெடுக்கலாம் என்றாக்கியது. ஆனால் அதன் உண்மையான மதிப்பு, ஆட்டத்தின் விதிகளிலேயே கை வைத்ததில் இருக்கிறது.

மூல ஆட்டத்தில் ஒரு குறை இருந்தது. முந்திக்கொண்டவர் முந்திக்கொண்டே போவார். பிடித்த ஊர் பிடித்ததுதான். வேறொருவர் படையெடுத்து வந்தாலொழிய அது கைவிட்டுப் போகாது. அதனால் ஆட்டத்தின் பின்பாதியில் யார் வெல்வார் என்று தெரிந்த பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. வரலாறு என்பது வளர்ச்சி மட்டுமே என்ற ஒரு கொள்கை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்த விதிகளுக்குள் உட்கார்ந்திருந்தது. புதிய தொகுப்பு ஒவ்வோர் ஊருக்கும் பூஜ்யம் முதல் நூறுவரை ஒரு விசுவாச அளவை வைத்தது. சுற்றிலும் ஒன்பது கட்டங்களுக்குள் இருக்கும் ஊர்களின் மக்கள்தொகை அந்த அளவை ஏற்றும், இறக்கும். உங்கள் ஊர் பகைவரின் பெரிய நகரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் சுற்றுக்குச் சுற்று விசுவாசம் கரைந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் அது சுதந்திர நகரமாகப் பிரிந்துவிடும். பிறகு வேறொருவரோடு சேர்ந்தும்விடலாம். ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஓர் ஊர் கைமாறும். தடுக்கவேண்டுமென்றால் ஆளுநர் ஒருவரை அங்கே அனுப்பலாம். சுற்றுக்கு எட்டுப் புள்ளி விசுவாசம் கூடும். இதோடு பொற்காலம், இருண்ட காலம் என்ற கணக்கும் சேர்ந்தது. ஒரு யுகத்தில் நீங்கள் செய்த சாதனைகளுக்குப் புள்ளி உண்டு. குறைந்தால் அடுத்த யுகம் இருண்டது, விசுவாசமும் சரியும். அரசு என்பது கட்டி முடித்த கட்டடமில்லை, ஒவ்வொரு நாளும் முட்டுக்கொடுத்துத் தாங்கவேண்டிய ஒன்று என்பதை விதியாகவே எழுதிக்காட்டியது இந்தத் தொகுப்பின் பெரிய சாதனை.

இனி செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளை ஏறத்தாழ 13 கி.மீ. நீள மதில் இணைக்கிறது. உள்ளே அடங்கும் பரப்பு சுமார் 11 சதுர கி.மீ. ராஜகிரியின் உச்சிக்கு ஏறும் வழியில், மேலே போய்ச் சேருவதற்குச் சற்று முன், பாறை பிளந்து ஓர் ஆழமான வெடிப்பு கிடக்கிறது. அதன்மேல் போட்டிருக்கும் பாலத்தை எடுத்துவிட்டால் சில வீரர்களை வைத்துக்கொண்டே உச்சியைக் காக்கலாம். மேலே சுனை நீர் உண்டு, களஞ்சியங்கள் உண்டு. ஆட்டத்தில் இதற்கு மிக உயர்ந்த தற்காப்பு எண் கிடைக்கும். ஆனால் கோட்டையின் சரித்திரத்தைப் பாருங்கள். விஜயநகரத்தின் கீழ் இருந்து, நாயக்கர்களின் தலைநகராகி, 1649இல் பீஜப்பூரிடமும், 1677இல் சிவாஜியிடமும், 1698இல் முகலாயரிடமும், 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும், 1761இல் ஆங்கிலேயரிடமும் போனது. இத்தனை வலிமையான கோட்டை இத்தனை முறை கைமாறியிருக்கிறது என்றால் அதன் வலிமை கல்லில் மட்டும் இல்லை என்று பொருள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. அங்கே வருகிறவர்களுக்கு மதிலின் உயரத்தைச் சொல்கிறோம்; இந்தக் கைமாற்றங்களின் காரணத்தை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும்.

அந்த எட்டாண்டு முற்றுகையின் உள்விவகாரம் எந்த ஆட்டத்தையும் மிஞ்சும். சிவாஜியின் மகன் இராஜாராம் 1689இன் இறுதியில் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து செஞ்சியில் அரசு நடத்தினார். ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்ஃபிகார் கான். மூன்று மலைகளைச் சுற்றி வளைக்க அவரிடம் ஆள் போதவில்லை. கோட்டைக்குள் தானியமும் செய்தியும் போய்வந்துகொண்டிருந்தன. மதராசிலிருந்த ஆங்கிலக் கம்பெனியிடமே வெடிமருந்து கேட்கவேண்டிய நிலை. 1692 மழைக்காலத்தில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படையோடு வந்து முற்றுகைப் படையையே முற்றுகையிட்டார்கள். முகலாயப் பாசறையில் தானியத்துக்குப் பஞ்சம். அதே நேரத்தில் பேரரசரின் மகன் காம்பக்ஷ் கோட்டைக்குள் இருந்தவர்களோடு இரகசியமாகப் பேசுவது தெரியவர, சுல்ஃபிகார் கானும் அவர் தந்தை அசத் கானும் இளவரசரையே கைது செய்தார்கள். படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பிறகு சுல்ஃபிகார் கானே வேண்டுமென்று முற்றுகையை இழுக்கிறார் என்ற பேச்சு கிளம்பியது. அந்தப் போரில் பங்கேற்ற பீம்சேனும் தம் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதிவைத்தார். 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது இராஜாராம் அதற்குள் வேலூருக்குத் தப்பியிருந்தார்.

இதில் எங்கே இருக்கிறது விசுவாசம்? ஆட்டம் சொல்வதுபோல ஊர் மக்கள் அண்டை நகரத்தின் செழிப்பைப் பார்த்து மனம் மாறவில்லை. தளபதிக்கும் இளவரசருக்கும் நடுவே, பேரரசருக்கும் தளபதிக்கும் நடுவே, சம்பளம் வராத சிப்பாய்க்கும் அவனைக் கூட்டிவந்த தலைவனுக்கும் நடுவே அது முறிந்தது. 'ரைஸ் அண்ட் ஃபால்' கொடுக்கும் ஆளுநர்களைப் பாருங்கள். எதிரியின் ஒற்றர்கள் அவர்களைச் சில சுற்றுகளுக்குச் செயலிழக்கச் செய்யலாம், அவ்வளவுதான். அவர்கள் விலை போகமாட்டார்கள், சம்பள பாக்கி கேட்கமாட்டார்கள், தகப்பன் செத்தால் மகன் வந்து 'இந்தக் கோட்டை எனக்குத்தான்' என்று உட்காரமாட்டார்கள். செஞ்சியில் இந்த மூன்றாவது அப்படியே நடந்தது. முகலாயரின் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, இருந்த சொரூப் சிங் 1714இல் இறந்தார். பேரரசின் அனுமதி புதுப்பிக்கப்படாமலே மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் நிலுவைப் பணத்தைக் கேட்டார், தேஜ் சிங் மறுத்தார், போர் மூண்டது, அதே ஆண்டில் களத்தில் மாண்டார். அவர்தான் நம் தெருக்கூத்தும் கதைப்பாடலும் கொண்டாடும் தேசிங்கு ராஜா. ஒரு வரிப்பாக்கித் தகராறு இன்றும் பாடப்படும் வீரக்கதையானது.

புஸ்ஸியின் ஒரே இரவுக்கும் விடை இங்கேதான். துணிச்சலும் பீரங்கியும் அவரிடம் இருந்தன என்பது உண்மை. ஆனால் வாரிசுரிமைப் போர்களில், ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகமே யாருக்கு விசுவாசமாக இருப்பது என்று தெரியாமல் கிடந்த நேரத்தில் அவர் வந்தார். தோற்று ஓடிவந்து செஞ்சியில் ஒதுங்கிய ஒரு படையைத்தான் எதிர்கொண்டார். 1761இல் பிரெஞ்சுக்காரரின் முறை. முந்தைய ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார்கள், 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது, செஞ்சியைக் காத்துவந்த காவற்படைக்குக் காப்பாற்றிக் கொடுக்க ஓர் அரசே இல்லாமற்போனது. சில மாதங்களில் அவர்களும் பணிந்தார்கள்.

பணமும் பீரங்கியும் எப்படி எல்லையாக மாறின என்பதற்கும் இந்தப் பகுதியில் ஓர் அரிய சாட்சி உண்டு. 1690இல் ஆங்கிலக் கம்பெனி கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. ஒப்பந்தப்படி, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. சுட்டார்கள், குண்டு விழுந்த இடம்வரை எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்த நினைவோடு இன்றும் இருக்கிறது. முற்றுகையில் காசு முட்டிப்போயிருந்த செஞ்சி அரசு, நிலத்தை விற்றுப் படையை நடத்தியது. சிவிலைசேஷன் ஆட்டத்தில் எல்லை ஊரின் பண்பாட்டு வளர்ச்சியால் ஒவ்வொரு கட்டமாக விரியும். அந்த விதியை எழுதியவர்களுக்கு இந்தக் குண்டுக் கணக்கு தெரிந்திருந்தால் காலனியம் எப்படி வேர்விட்டது என்பதை ஒரே விதியில் காட்டியிருப்பார்கள்.

'விளையாட்டை விளையாட்டாக விடுங்கள், வரலாறு படிக்கப் புத்தகம் இருக்கிறது' என்று சிலர் சொல்லலாம். புத்தகம் இருக்கிறது, படிக்கவும் வேண்டும். ஆனால் ஓர் இளைஞர் நூறு மணிநேரம் ஓர் ஆட்டத்தோடு இருந்தால், அந்த விதிகளின் தர்க்கம் அவருக்குள் இறங்கத்தான் செய்யும். பாடப்புத்தகத்தை நம்பலாமா என்று கேட்கிற நாம், ஆட்டத்தின் விதியையும் அப்படிக் கேட்பதில் தவறில்லை. சம்பள பாக்கி, தளபதியின் சபலம், தானிய வண்டி எல்லாவற்றையும் சேர்த்தால் ஆட்டம் கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. இதற்கு 'ரைஸ் அண்ட் ஃபால்' தொகுப்பே விடை சொல்கிறது. விசுவாசம் என்ற ஒற்றை எண்ணைச் சேர்த்ததும் எல்லையோர ஊர் ஒவ்வொன்றும் கவலைக்குரியதாக ஆனது. ஆட்டம் சுவை கூடியதே தவிரக் குறையவில்லை. நல்ல விதி பத்து விதிகளின் வேலையைத் தானே செய்யும். மூல ஆட்டத்தை அரைகுறையாக விற்றுவிட்டு மீதிக்கு மறுபடி காசு கேட்கிறார்கள் என்ற புகாரில் நியாயம் உண்டு. விதியை மாற்றாமல் முகங்களை மட்டும் மாற்றும் தொகுப்புகளை வாங்காமல் விடுவதே அதற்கு வழி.

எனக்கு மிகவும் கனமாகத் தெரியும் மறுப்பு வேறு. இந்தத் தொகுப்பில் கனடாவின் க்ரீ பழங்குடியினரையும் அவர்களின் தலைவர் பவுண்ட்மேக்கரையும் சேர்த்தார்கள். 2018 ஜனவரியிலேயே அவர் வழிவந்த சமூகத்தின் தலைவர்களில் ஒருவர் பகிரங்கமாக எதிர்த்தார்: மற்றவர் நிலத்தைப் பிடித்து வெல்லும் ஆட்டத்துக்குள் எங்களைப் போட்டால், காலனியக்காரர்களின் எண்ணமே எங்களுக்கும் இருந்தது என்றாகிவிடுமே என்று. கௌரவம் செய்யும் நோக்கத்தில் சேர்த்தாலும் விதி பழைய விதிதான் என்பதை அவர் சரியாகக் கண்டார். நமக்கும் இது பொருந்தும். 2025இல் வந்த 'சிவிலைசேஷன் 7' சோழரைத் தனி நாகரிகமாகவே தந்திருக்கிறது. அதில் கலம் இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது, ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனாலும் பெயர் வந்துவிட்டது என்பதோடு நின்றால் போதாது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் எண்ணாயிரத்தில் இராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு, ஒரு கல்லூரியின் 340 மாணவர்களுக்கு நாள்தோறும் எவ்வளவு நெல் என்று அளந்து சொல்கிறது. ஆட்டத்தில் கல்விச்சாலை கட்டினால் அறிவியல் புள்ளி கூடும். இங்கே கல்விச்சாலைக்கு நிலம் விடவேண்டும், நெல் அளக்கவேண்டும். நம் அரசுகளின் விதி அதுதான்.

அந்த விதியை அமெரிக்க நிறுவனம் எழுதித் தரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சிவிலைசேஷன் 6இன் ஊர், படை, ஆளுநர் பற்றிய மதிப்புகளெல்லாம் எக்ஸ்எம்எல், எஸ்கியூஎல் கோப்புகளில் திறந்தே கிடக்கின்றன. இரசிகர்கள் அவற்றை மாற்றி 'மாட்' என்ற பெயரில் இலவசமாகப் பகிர்கிறார்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. கணினி படிப்பவரும் வரலாறு படிப்பவரும் ஒரே பேருந்தில் வருகிறார்கள். இருவரும் சேர்ந்தால் ஆளுநருக்குச் சம்பள நிலுவை என்ற ஒரு வரியைச் சேர்த்து, நிலுவை ஏற ஏற விசுவாசம் இறங்கும்படி செய்துவிடலாம். அதற்கு வேண்டிய தகவல்கள் இந்த ஆட்டத்தை எழுதியவர்களின் மொழியைவிட நம் மொழியில் அதிகம். செஞ்சி பிரெஞ்சுக்காரரிடம் போன நாட்களில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் யார் யாருக்கு என்ன நசர் (காணிக்கை) கொடுத்தார், யாருக்கு எவ்வளவு கடன், எந்தத் தளபதி எதற்காக முகம் திருப்பினார் என்பதெல்லாம் தேதிவாரியாகத் தமிழிலேயே கிடக்கிறது.