கன்னட இலக்கியத்தின் தொடக்கமும் கவிராஜமார்க்கமும்

கிடைத்துள்ள முதல் நூலையே ஓர் இலக்கியத்தின் தொடக்கமாகக் கொள்வது வரலாற்றாசிரியர் வழக்கம். கன்னடத்தில் இவ்வழக்கம் இடர்ப்படுகிறது.

இன்று கிடைக்கும் மிகப் பழைய கன்னட நூல் கவிராஜமார்க்கம். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில், கி.பி. 850ஐ ஒட்டி இயற்றப்பெற்றது. மன்னனே ஆசிரியன் என முன்பு கருதினர். நிருபதுங்கனுக்கு உடன்பாடானது என நூலே கூறுவதால் ஸ்ரீவிஜயனை ஆசிரியனாகக் கொள்வதே பொருந்தும். இது காவியமன்று, அணியிலக்கணம். இலக்கியம் முன், இலக்கணம் பின் என்னும் முறைப்படி இதற்கு முன்னரே இலக்கியம் இருந்திருத்தல் வேண்டும். விமலன், உதயன், நாகார்ச்சுனன், ஜயபந்து, துர்விநீதன் ஆகிய உரைநடையாசிரியரை நூல் பெயர் சுட்டிக் கூறுகிறது. பெதண்டெ, சத்தாணம் என்னும் கன்னடத்துக்கே உரிய யாப்பு வகைகளையும் குறிக்கிறது. அவ்வாசிரியரின் கன்னட உரைநடை எதுவும் எஞ்சவில்லை. மரபு 'ஆதிகவி' எனப் போற்றுவதோ ஒரு நூற்றாண்டு பிற்பட்ட பம்பனை!

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது மற்றொன்று. கவிராஜமார்க்கத்தின் பெரும்பகுதி தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவியது. காஞ்சியோடு தொடர்புடைய அவ்வடமொழி நூலே பின்னர்த் தமிழில் தண்டியலங்காரத்துக்கும் முதனூலாயிற்று. வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களிலும் இத்தகைய நிலையே காணப்படுகிறது: 1640இல் மாசச்சூசெட்சில் அச்சான முதல் நூல் எபிரேயச் சங்கீதங்களின் செய்யுள் மொழிபெயர்ப்பாகும். ஆயினும் ஸ்ரீவிஜயனை மொழிபெயர்ப்பாளன் என்று மட்டும் கூறி அமைதல் தகாது. வடசொல்லையும் கன்னடச் சொல்லையும் ஒரே தொகையில் முறையின்றிப் புணர்த்தலை அவன் கடிகிறான். பழங்கன்னட வழக்குகளைத் தன் காலத்தில் ஆளுவதில் சுவையில்லை என்கிறான். இவை தண்டிக்கு எழாத சிக்கல்கள். இரு மொழிகளுக்கிடையே நின்று எழுதுவோனுக்கே எழுபவை.

இச்சிக்கலின் பழைய வடிவத்தை ஹல்மிடிக் கல்வெட்டில் காணலாம். 1936இல் மைசூர்த் தொல்லியல் துறையின் எம்.எச். கிருஷ்ணா வெளிப்படுத்திய இதன் காலம் ஏறத்தாழ கி.பி. 450 என்பர், அதனினும் பிற்பட்டது என்பாரும் உளர். நீண்ட வடமொழித் தொகைகள் நிரம்பிய அவ்வுரைநடையில் வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் கன்னடம். கொடையைப் பதிவு செய்யும் அவ்வாசகத்தை இலக்கியம் எனல் மிகை. ஆனால் ஸ்ரீவிஜயன் விதி வகுக்க நேர்ந்த கலப்பு, அவனுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே கல்லில் ஏறிவிட்டது.