பிரிந்த பிள்ளை வீடு திரும்பும் வழி

அவிசாவளையைத் தாண்டி எட்டியாந்தோட்டைப் பக்கம் செல்வோர், பாதையின் இரு மருங்கிலும் வரிசை வரிசையாக நிற்கும் இறப்பர் மரங்களைக் காண்பர். பொழுது புலருமுன்னே கத்தியும் வாளியும் ஏந்திப் பால் வெட்டச் செல்லும் தாய்மாரையும் காண்பர். அத்தகைய ஒரு தாயைச் சற்று மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம்.

கணவன் மறைந்தபின், ஐந்து வயது மகனை நகரத்திலுள்ள சிறுவர் இல்லமொன்றில் சேர்த்தவள் அவள். மாதத்தில் ஒருநாள் இரண்டு பஸ் வண்டி மாறி அவனைக் காணச் செல்கிறாள். முதலாம் ஆண்டில் மகன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். மூன்றாம் ஆண்டில் அவன் எட்ட நின்றான். இல்லத்திலும் பாடசாலையிலும் சிங்களமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்கள் நாவில் வரவில்லை. தாய்க்கும் கடைத்தெருச் சிங்களம் தெரியும். ஆயினும், "இரவில் பயந்தாயா? எங்கேனும் நோகிறதா?" என்று நெஞ்சிலிருந்து கேட்கும் மொழி வேறன்றோ! கொண்டுபோன பலகாரப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் பேசாதிருந்தனர்.

இது ஒருவருடைய சரித்திரமன்று. பலருடைய நிலையைச் சேர்த்து நாம் வரைந்த சித்திரம். "பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்பது பழமொழி. ஆனால் அந்தப் பிள்ளையின் மனம் கல்லன்று. தாயிடம் பேசுவதற்குரிய சொற்களை நாம் அவனுக்கு இல்லாமற் செய்துவிட்டோம் என்பதே உண்மை.

பிள்ளைகள் ஏன் பிரிகின்றனர்?

இலங்கையில் 2019ஆம் ஆண்டளவில் 370க்கும் மேற்பட்ட சிறுவர் இல்லங்களில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாழ்ந்தனர். அவர்களை அநாதைகள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவர்களுட் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ, அன்றி இருவருமோ உயிருடன் இருக்கின்றனர். வறுமை, நோய், குடி, குடும்பப் பிளவு, தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போதல் ஆகியனவே பிள்ளைகளை இல்லங்களின் வாசலுக்குக் கொண்டு செல்கின்றன. "அங்கேயாவது மூன்று வேளை உண்டு, படித்து முன்னேறட்டும்" என்று கண்ணீரோடு ஒப்படைப்போரே பலர்.

முற்காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளையை அத்தையோ மாமனோ பாட்டியோ அணைத்துக்கொள்வர். ஆனால் தோட்டத்து உறவுக்கூட்டம் பலமுறை சிதறடிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவரெனப் பங்கிட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினர். 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயல்கள் மேலும் பல குடும்பங்களை வடக்கு நோக்கி ஓடச் செய்தன. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில், களுபஹன தோட்டத்து லயத்தின்மீது மண் சரிந்து பல உயிர்களைக் கொண்டது. ஒவ்வோர் இடியின்போதும் பிள்ளையைத் தாங்கும் கைகள் குறைந்தன.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

பிரிந்த பிள்ளையை மீண்டும் குடும்பத்தோடு சேர்ப்பது எத்துணை அரிது என்பதை, கடல் கடந்த ஒரு தேசத்தின் அனுபவம் நமக்குக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளை, 1910ஆம் ஆண்டளவிலிருந்து 1970ஆம் ஆண்டளவு வரை, அரசாங்கங்களும் மிஷன்களும் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1915ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின், நீதிமன்றத்தைக் கேளாமலே பிள்ளையை எடுத்துச்செல்லும் அதிகாரம் ஒரு சபைக்குக் கிட்டியது. கின்செலா என்னும் ஆண்பிள்ளைகள் இல்லத்தில் சிறுவர்களைப் பெயரால் அழையாது இலக்கத்தால் அழைத்தனர். இல்லங்களில் தாய்மொழி பேசுதல் குற்றமாயிற்று.

1997ஆம் ஆண்டு வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை, பூர்வீகக் குடிப் பிள்ளைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்தது. 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஆனால் மன்னிப்புக்கு 28 ஆண்டுகள் முன்னரே செயல் தொடங்கிவிட்டது. கூட்டமுந்திரா பெண்பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்த கோரல் எட்வர்ட்ஸ் என்னும் பெண்மணியும், பீட்டர் ரீட் என்னும் சரித்திர ஆசிரியரும் 1980ஆம் ஆண்டில் 'லிங்க்-அப்' என்ற அமைப்பை நிறுவினர். பழைய ஏடுகளைத் துருவிப் பெற்றோரைக் கண்டுபிடித்தல், சந்திப்புக்கு முன் இரு தரப்பாரின் மனத்தையும் ஆயத்தம் செய்தல், சந்திக்கும் நாளில் உடன் செல்லுதல், அதன் பின்னும் துணை நிற்றல் ஆகியன அதன் பணிகள். ஏனெனில், கண்டவுடன் கட்டித் தழுவுவதோடு கதை முடிவதில்லை. முப்பது ஆண்டு அந்நியராக வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் தாயும் மகளுமாகிவிட இயலாது.

நமது நாட்டு நிலையும் அதுவும் ஒன்றல்ல. அங்கே இனத்தின் பெயரால் அரசே பிள்ளைகளைப் பறித்தது. இங்கே பெரும்பாலும் வறுமை பிரிக்கிறது. எனினும் பெயரும் மொழியும் ஊரும் மறந்த பிள்ளையின் தனிமை எங்கும் ஒன்றே. நம் தீவிலும் 1970களிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களுட் பலர் இன்று தாயைத் தேடி வருகையில், பத்திரத்திலுள்ள பெயரே பொய்யென்று கண்டு திகைக்கின்றனர். 2021ஆம் ஆண்டு நெதர்லாந்தின் விசாரணைக் குழுவொன்றும் இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் முறைகேடுகள் இருந்தனவெனக் கூறியது.

சட்டம் சொல்வது யாது?

இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்பு வேண்டிய பிள்ளையை நீதிமன்றம் தகுந்த ஒருவரின் பொறுப்பிலோ இல்லத்திலோ ஒப்படைக்கலாம். பெற்றோர் தாமே வேண்டிச் சேர்ப்பதும் உண்டு. இரண்டிலும் நன்னடத்தை உத்தியோகத்தரே நடுநாயகமானவர். வீட்டு நிலையை ஆராய்ந்து அவர் தரும் அறிக்கை, பிள்ளை திரும்பி வரும் வழியைத் திறக்கவல்லது.

இல்லத்தில் சேர்த்துவிட்டால் பிள்ளைமீது தமக்கு உரிமை போய்விட்டதென்று எண்ணும் பெற்றோர் உண்டு. அது பிழை. தத்துக் கொடுத்தல் வேறு, பராமரிப்பில் விடுதல் வேறு. தத்துக்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். பெற்றோர் அதன் பொருளை உணர்ந்து சம்மதித்திருத்தலும் வேண்டும். பிரிந்த பிள்ளைக்குப் பெற்றோரை ஒழுங்காகக் காணும் உரிமையுண்டு என்கிறது, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனத்தின் ஒன்பதாம் பிரிவு. வறுமையை மட்டும் காரணங்காட்டிப் பிள்ளையைப் பிரித்தலாகாது என்கின்றன 2009ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டு நெறிகள்.

அடிபட்டும் துன்புறுத்தப்பட்டும் வந்த பிள்ளையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புதல் தகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே பிள்ளையின் பாதுகாப்பே முதன்மை. அத்தகைய பிள்ளைக்கும் நல்லதொரு சிற்றன்னையோ பாட்டியோ இருக்கின்றாரா என்று தேடிப் பார்ப்பது கடமை.

நூல் அறாதிருக்க

பிள்ளையை அழைத்துவரும் வேலை, பிரிந்த நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. அதற்குச் சில காரியங்கள் இன்றியமையாதன.

முதலாவது, பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தாயின் அடையாள அட்டையில் வேறு எழுத்து என்றிருப்பது தோட்டங்களில் சாதாரணம். பிள்ளையை ஒப்படைக்குமுன் இவற்றைத் திருத்தி, நீதிமன்றக் கட்டளையின் பிரதியொன்றைப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, சந்திப்பு. ஒருநாள் சம்பளமும் பஸ் கட்டணமும் இழந்து செல்லும் தாய்க்கு, ஊரார் அந்தச் செலவைப் பகிர்ந்தளித்தல் கோயில் திருப்பணிக்கு ஒப்பானது.

மூன்றாவது, மொழி. தமிழ் நடவாத இல்லத்திலிருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தமிழ் கற்பிக்க, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் உள்ள தமிழ் ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவர்களும் இல்லத்தாரின் அனுமதியோடு முன்வரலாம். சிங்களம் கற்பது நன்றே. தாயோடு பேசும் மொழியை இழப்பதுதான் தீது.

நான்காவது, வீட்டை ஆயத்தம் செய்தல். பாடசாலையில் இடம், படுக்க ஒரு மூலை, தாய் மலைக்குப் போயிருக்கையில் பார்த்துக்கொள்ள ஒருவர் ஆகியவற்றை ஏற்பாடு செய்த பின்னரே பிள்ளை வரவேண்டும். முதலில் ஒரு விடுமுறை நாள், பிறகு ஒரு வாரம் எனப் பழக்குதல் நலம்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை எண்ணிப் பார்ப்போம். காலையில் தாய் பிள்ளையை அங்கே விடுகிறாள். மாலையில் இடுப்பில் ஏந்தி வீடு திரும்புகிறாள். பகலில் உதவி கிடைப்பதனால், இரவில் பிள்ளை தாயின் பக்கத்தில் உறங்குகிறது. குடும்பத்துக்கு வேளையறிந்து கிடைக்கும் உதவி, பிரிவையே தடுக்கும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

நமது சித்திரத்திலுள்ள தாய் அடுத்த மாதமும் பஸ் ஏறுவாள். அவள் மகனுக்கு அதற்குள் யாரேனும் நான்கு தமிழ்ச் சொற்கள் சொல்லிக் கொடுத்திருந்தால், பலகாரப் பொட்டலத்தைப் பிரிக்கையில் அவன், "அம்மா, நீயும் சாப்பிடு" என்பான். வீடு திரும்பும் வழியில் அதுவே அவனுடைய முதலடியாக இருக்கும்.