இணையதளம் அமைக்குமுன்

கொல்லங்கோடு வழியாகப் பொள்ளாச்சியையும் பாலக்காட்டையும் இணைக்கும் இருப்புப்பாதை 1932-ல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பெற்றது. அதனை அகலப்பாதையாக்க 2008-ல் வண்டிகள் நின்றன. 2015-ல்தான் மீண்டும் ஓடின. அன்று பாதை போட்டவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அளவை மாற்றப் புகுந்தால் தண்டவாளத்தையே பெயர்க்க வேண்டியிருக்கிறது. நம் சங்கத்திற்கு இணையதளம் வேண்டுமென்ற பேச்சு எழும்போதெல்லாம், ரயில்வே குமாஸ்தாவான எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது.

1998-ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் இதன் அமைப்பாளர். தமிழ் நூல்களைத் தன்னார்வலர் தட்டச்சிட்டுப் பிழை திருத்தி, யாவர்க்கும் இலவசமாக அளிப்பதே நோக்கம். அக்காலத்தில் கணினித் தமிழெழுத்து ஆளுக்கொரு முறையாய் இருந்தது. திஸ்கி முறையில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற நேர்ந்தது. நோக்கமோ மாறவில்லை.

எழுத்துச் சிக்கல் இன்று நமக்கில்லை. நம் தளத்தைத் திறப்பவர் யார் என்பதே கேள்வி. பள்ளியில் மலையாளம் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் தமிழை எழுத்துக்கூட்டியே வாசிக்கின்றனர், அவர்களுக்காகவா? தமிழ்வழிப் பள்ளியையும் சாதிச் சான்றிதழையும் பற்றி விசாரிக்கும் பெற்றோருக்காகவா? இருவருக்கும் முகப்புப் பக்கம் ஒன்றாயிராது.

இன்னொன்று. நானறிந்த ஒரு மன்றத்தின் தளப்பெயர் ஓர் உறுப்பினரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் ஊர் மாறினார். ஆண்டுக் கட்டணம் நின்றது. பெயர் பிறர் கைக்குப் போயிற்று. ஆறாண்டு விழாப் படங்களும் மறைந்தன. பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்திற்கு வரும் அன்பர்கள், தளத்தில் முதலில் எதைத் தேடுவார்கள் என வீட்டாரைக் கேட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதி வர வேண்டுகிறேன்.