தமனிக்குள் இறங்கும் ஒலி

கொல்கத்தாவின் காளிகாட்டில், காளி கோயிலை ஒட்டிய பழைய யாத்ரிகர் சத்திரம் ஒன்றில், 1952 ஆகஸ்ட் 22 அன்று அன்னை தெரசா 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தைத் தொடங்கினார். தெருவோரம் சாகக் கிடந்தவர்களுக்குக் கடைசி நாட்களிலாவது ஒரு படுக்கையும் ஒரு வாய் தண்ணீரும் கிடைக்கச் செய்தவர் அவர். அவருடைய இதயமே பின்னாளில் அவரை விடாமல் வருத்தியது. 1983இல் ரோம் நகரில் மாரடைப்பு. 1989இல் பேஸ்மேக்கர். 1996 நவம்பரில், 86ஆவது வயதில், காளிகாட்டிலிருந்து ஆதி கங்கையைத் தாண்டினால் வந்துவிடும் அலிப்பூரில், பி.எம். பிர்லா இதய ஆய்வு மையத்தில் அவருடைய இதயத் தமனி அடைப்புகளை நீக்கினார்கள்.

இந்த வட்டாரத்துக்கு இதய நோயோடு நெருங்கிய உறவு உண்டு. 1984இல் சத்யஜித் ராய்க்கு பைபாஸ் தேவைப்பட்டபோது அவர் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குப் போக வேண்டியிருந்தது. 2021 ஜனவரி 2ஆம் தேதி, உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த சௌரவ் கங்குலிக்கு நெஞ்சில் ஏதோ சரியில்லை என்றானபோது, அதே அலிப்பூரின் உட்லண்ட்ஸ் மருத்துவமனையில் அன்றைக்கே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதே மாத இறுதியில் அப்போலோவில் மேலும் இரண்டு. அப்போது அவருக்கு வயது 48. நாடே வியந்தது. வியப்பதற்கு ஒன்றுமில்லை. 52 நாடுகளை ஆராய்ந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59.

நம் வீடுகளில் யாருக்காவது ஆஞ்சியோ செய்தால் முதலில் கேட்பது, "எத்தனை பர்சென்ட் அடைப்பு?" என்பதைத்தான். மருத்துவரும் எழுபது, எண்பது என்று ஓர் எண் சொல்வார். அந்த எண் எங்கிருந்து வருகிறது? 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மேசன் சோன்ஸ் வழிகாட்டிய முறைதான் இன்றும் அடிப்படை: இதயத் தமனிக்குள் சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பது. திரையில் தெரிவது ரத்தம் ஓடும் பாதையின் நிழல். தமனியின் சுவர் அதில் தெரிவதில்லை. ஆனால் நோய் இருப்பதோ சுவரில்தான்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 1987இல் சீமோர் கிளாகோவ் என்ற நோயியல் அறிஞர் காட்டினார். இறந்தவர்களின் இதயங்களை எடுத்து அறுத்து அளந்து பார்த்தபோது, கொழுப்புப் படிவு சேரச் சேரத் தமனி வெளிப்புறமாக விரிந்துகொடுப்பது தெரிந்தது. குறுக்குவெட்டுப் பரப்பில் சுமார் 40 விழுக்காட்டைப் படிவு பிடித்துக்கொள்ளும் வரை உள்பாதை பெரிதாகக் குறுகுவதே இல்லை. அதுவரை ஆஞ்சியோ படம் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்றே சொல்லும். "போன மாதம்தான் ஆஞ்சியோ பார்த்தோம், நார்மல்னு சொன்னாங்களே" என்று மாரடைப்புக்குப் பின் அழும் குடும்பங்களுக்கு இதுவும் ஒரு விடை.

சுவரைப் பார்க்க என்ன வழி? கர்ப்பிணிகளின் வயிற்றில் குழந்தையைக் காட்டும் அதே அல்ட்ராசவுண்டைத் தமனிக்குள்ளேயே கொண்டுபோவதுதான். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நிக்கோலாஸ் போம் 1970களின் தொடக்கத்திலேயே ஒரு குழாயின் முனையில் 32 சிறு ஒலிப்படிகங்களைப் பொருத்தி, இதய அறைகளுக்குள்ளிருந்தே படமெடுக்கும் கருவியை உருவாக்கினார். 1980களில் கலிபோர்னியாவில் பால் யாக் போன்றவர்கள் அதை இதயத் தமனிக்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாக்கினார்கள். ஆஞ்சியோ செய்யும் கேத் லேப்களில் இன்று 'ஐவஸ்' என்று அழைக்கப்படுவது இதுதான்.

இதன் இயற்பியல் அழகானது. வயிற்று ஸ்கேனில் ஒலி நொடிக்குச் சில பத்து லட்சம் தடவை அதிரும். அதிர்வு கூடக் கூடப் படம் நுட்பமாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. வயிற்றில் பல சென்டிமீட்டர் ஆழம் பார்க்க வேண்டும் என்பதால் நுட்பத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். இதயத் தமனியின் அகலமோ இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர். கருவியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஆழம் தேவையில்லை. நொடிக்கு இரண்டு கோடி முதல் ஆறு கோடி அதிர்வுகள் வரை போகலாம். மணிக்கட்டு வழியாகச் செல்லும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கதீட்டர் என்ற குழாயை அடைப்புக்கு அப்பால் வரை கொண்டுபோய், நொடிக்கு அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் பின்னோக்கி இழுப்பார்கள். தமனியின் குறுக்குவெட்டு ஒவ்வொன்றாகத் திரையில் ஓடும். மென்மையான கொழுப்பு கருமையாகவும், நார்த்திசு வெளிறியும் தெரியும். சுண்ணாம்புப் படிவு பளிச்சென்று ஒளிரும். ஒலி அதைத் தாண்டிப் போக முடியாததால் அதன் பின்னால் இருள் விழும்.

சுண்ணாம்பு எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்பது சிகிச்சையையே மாற்றிவிடும். தமனியை முழு வளையமாகச் சூழ்ந்திருந்தால், அதை விரிக்க உள்ளே செலுத்தும் பலூனை எவ்வளவு ஊதினாலும் தமனி விரியாது. அங்கே வைக்கும் ஸ்டென்டும் பாதி விரிந்து நின்றுவிடும். அத்தகைய இடத்தில் இப்போது ஒலியாலேயே வைத்தியம் செய்கிறார்கள். சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே உத்திதான்: பலூனுக்குள்ளிருந்து அழுத்த அலைகளை அனுப்பிச் சுண்ணாம்பில் விரிசல் விழச் செய்துவிட்டு, பிறகு ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

ஸ்டென்ட் என்பது ஆளுக்கு ஏற்ற அளவில் தைக்க வேண்டிய சட்டை. அளவெடுக்காமல் கண்ணால் மதிப்பிட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990களே சாட்சி. அன்று ஸ்டென்டில் ரத்தம் உறைவது பெரும் தலைவலியாக இருந்தது. அதைத் தடுக்கக் கடுமையான மருந்துகளைக் கொடுத்தார்கள், ரத்தக்கசிவும் சேர்ந்து வந்தது. மிலானில் அன்டோனியோ கொலம்போ ஐவஸால் உள்ளே பார்த்தார். ஆஞ்சியோ படத்தில் நன்றாக விரிந்ததாகத் தெரிந்த பல ஸ்டென்டுகள் உண்மையில் முழுமையாக விரிந்திருக்கவில்லை. கூடுதல் அழுத்தத்தில் சரியாக விரித்துவிட்டால் அந்தக் கடுமையான மருந்தே வேண்டாம் என்று 1995இல் அவருடைய குழு காட்டியது. உலகம் மருந்தை மாற்றிக்கொண்டது. அளக்கும் பழக்கத்தை மட்டும் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் வரலாறு.

இனியும் அப்படி விட முடியாத அளவுக்குச் சான்றுகள் சேர்ந்துவிட்டன. தென் கொரியாவில் சிக்கலான அடைப்புகள் கொண்ட 1,639 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், உள்ளே படம் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 7.7 விழுக்காட்டினருக்குப் பின்னர் சிக்கல் வந்தது. ஆஞ்சியோவை மட்டும் நம்பியவர்களில் 12.3 விழுக்காடு. 2024இல் வந்த மற்றோர் ஆய்வில், மாரடைப்போ அதன் அறிகுறியோ வந்து சேர்ந்த 3,505 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் நம்மைப் போன்ற உடல்வாகு கொண்ட பாகிஸ்தானியர்களும் உண்டு. ஓராண்டில் ஐவஸ் பார்த்தவர்களில் 4.0, பார்க்காதவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு இதய மரணம், மீண்டும் மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. சிக்கலான அடைப்புகளுக்கு இம்முறையை ஐரோப்பிய வழிகாட்டுதல் 2024இலும் அமெரிக்க வழிகாட்டுதல் 2025இலும் முதல்தரப் பரிந்துரையாக ஏற்றிருக்கின்றன. சாய மருந்தின் அளவையும் இது குறைக்கும் என்பதால், சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இரட்டை நன்மை.

எல்லோருக்கும் இது வேண்டும் என்பதில்லை. நேரான, குட்டையான ஒற்றை அடைப்புக்கு ஆஞ்சியோவே போதுமானதாக இருக்கலாம். இடது பிரதான தமனி, கிளை பிரியும் இடம், நீண்ட அடைப்பு, சுண்ணாம்பேறிய தமனி, ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட் மறுபடி அடைத்துக்கொள்வது — இவற்றில் அளக்காமல் வேலை செய்வதை நான் ஏற்க மாட்டேன். நோயாளியின் வீட்டாரும் தயங்காமல் கேட்கலாம்: "உள்ளே ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டென்ட் வைப்பீர்களா, டாக்டர்?"

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் குறுக்கே நிற்பது பணம். ஒருமுறை பயன்படுத்தும் கதீட்டருக்கே சில பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. காளிகாட்டை அடுத்த லேக் மார்க்கெட்டில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களானாலும், சிகிச்சைக்காக ஹவுராவில் ரயிலேறி வேலூர் வரும் வங்காளிக் குடும்பங்களானாலும், சேமிப்பைக் கரைத்துத்தான் இதயத்துக்குச் செலவழிக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தது: மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய். லட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த பொருள் ஒரே நாளில் எளியவர் கைக்கு எட்டியது. அந்த ஆணையில் ஸ்டென்ட் மட்டுமே இருந்தது, அதைச் சரியான அளவில் வைக்க உதவும் ஐவஸ் கதீட்டர் இல்லை. ஸ்டென்டுக்குச் செய்ததை அதற்கும் செய்யலாம்; அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில், சிக்கலான அடைப்புகளுக்கான தொகையோடு அதன் விலையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.