நடந்து போகிறவரின் தற்காப்பு உரிமை எந்த நொடி வரை?

ஜீப்ரா கோட்டில் பாதிச் சாலையைக் கடந்துவிட்டீர்கள். நிற்க வேண்டிய கார் நிற்கவில்லை. ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு உங்கள் முழங்காலை உரசுகிற அளவுக்கு உருட்டிக்கொண்டே வருகிறார் ஓட்டுநர். நீங்கள் உள்ளங்கையால் பானட்டில் ஓங்கித் தட்டுகிறீர்கள். இது குற்றமா? இல்லை. அதே கார் உங்களைத் தாண்டிப் போய் அடுத்த சிக்னலில் நிற்கிறது. நீங்கள் ஓடிப்போய் அதன் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைக்கிறீர்கள். இது குற்றம். இரண்டுக்கும் நடுவே அரை நிமிடம் இருந்தால் அதிகம். ஆனால் அதற்குள் நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்ற நிலையிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் என்ற நிலைக்கு மாறிவிடுகிறீர்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள் இதில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. எண்கள் மாறினவே தவிர, உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. தற்காப்புக்காகச் செய்த எதுவும் குற்றமல்ல என்கிறது 34. உங்கள் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரின் உடலைக் காக்கவும் அந்த உரிமை உண்டு என்கிறது 35. குடித்துவிட்டு நிதானமில்லாமல் வண்டியை ஏற்ற வருகிறவர் "எனக்குச் சுயநினைவு இல்லை" என்று பின்னால் சொல்லித் தப்பிக்க முயலலாம். அதனால் உங்கள் உரிமை குறையாது, அதற்கென்றே 36 இருக்கிறது.

சாலைக்கு மிகவும் பொருந்துவது 40. ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்த கணமே உரிமை தொடங்கிவிடும். அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும். அச்சம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. வண்டி உங்களைக் கடந்து போனபின் மிஞ்சுவது கோபம், அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது.

எவ்வளவு பலம் காட்டலாம் என்பது வருகிற ஆபத்தைப் பொறுத்தது. கவனக்குறைவாக வளைந்து வருகிறவர் ஒரு ரகம். வாய்த்தகராறுக்குப் பிறகு வண்டியைத் திருப்பி, உங்களைக் குறிவைத்து வேகம் எடுக்கிறவர் வேறு ரகம். பின்னவரின் கையில் இருப்பது ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஆயுதம். உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சக்கூடிய நிலையில், தாக்குபவருக்கு மரணமே நேர்ந்தாலும் தற்காப்பு செல்லும் என்கிறது 38. ஆளைக் காருக்குள் இழுத்துக் கடத்தப் பார்ப்பதும் அதே பட்டியலில் வருகிறது. இரவில் காரை மெதுவாக ஓட்டிப் பின்தொடர்ந்து வந்து கையைப் பிடித்து இழுப்பவனிடம் ஒரு பெண் எவ்வளவு முரட்டுத்தனமாகவும் போராடலாம்.

இதற்கெல்லாம் கடிவாளம் 37. தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே இல்லை. நடைபாதையில் ஏறி வரும் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதை நடப்பவர்களுக்கே உரியது. நல்ல நடைபாதை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் ஒதுங்காமல் நிற்கலாம். நிற்பதால் யாருடைய உரிமையும் கெடாது. ஆனால் மெதுவாக ஊர்ந்து வரும் அந்த பைக்கைத் தோளால் தள்ளி, ஓட்டியவர் விழுந்து மண்டை உடைந்தால், கொடுங்காய வழக்கில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நியாயம் உங்கள் பக்கம் இருப்பதும் தற்காப்பு உரிமை இருப்பதும் ஒன்றல்ல. நம் ஊர்ச் சண்டைகளில் பாதி இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஸ்டேஷன் வரை போகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, சாவியைப் பிடுங்குவது. இடித்துவிட்டு நழுவப் பார்க்கிறவரை நிறுத்த நம் ஆட்கள் முதலில் கையை நீட்டுவது சாவிக்குத்தான். ஒருவரைப் பொதுமக்களே பிடித்து வைக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பிணையில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். தாறுமாறாக ஓட்டுவது பிணையில் விடக்கூடிய குற்றம். எனவே வெறுமனே வேகமாக வந்தார் என்பதற்காகச் சாவியைப் பிடுங்கி மறித்து வைத்தால், சட்டவிரோதமாகத் தடுத்ததாக உங்கள் மேலேயே புகார் வரலாம். வேண்டுமென்றே கொல்லப் பார்த்தார் என்றால் கதை வேறு.

பெப்பர் ஸ்ப்ரே பற்றியும் பலர் கேட்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத ஒரு தகராறில் அதை அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. அதை ஆபத்தான ஆயுதமாகக் கருத இடமுண்டு என்றும் குறிப்பிட்டது. பையில் வைத்திருப்பதல்ல, எந்த நேரத்தில் வெளியே எடுத்தீர்கள் என்பதே கேள்வியாகும்.

நீதிமன்றங்கள் நடப்பவரிடம் கறாராக மட்டும் நடந்துகொள்வதில்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் தாக்குதலின் முன் கோழையாக நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்றது உச்ச நீதிமன்றம். பதற்றத்தில் இருப்பவர் தன் ஒவ்வொரு அசைவையும் பொன் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டது. தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்கிறவருக்கு உண்டு. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

காட்டுவதற்குச் சாட்சி வேண்டும். முதலில் வண்டி எண், பிறகு நேரம், பிறகு எந்தக் கடையின் கேமரா அந்த இடத்தைப் பார்க்கிறது என்பது. கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதனால் அன்றைக்கே கடைக்காரரிடம் கேட்டு எடுத்து வைப்பது நல்லது. 112-க்கு அழைத்தாலே, அழைத்த நேரம் பதிவாகிவிடும்.

புகாரில் பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டியதில்லை, ஆனால் தெரிந்திருந்தால் பேச்சில் தெம்பு வரும். பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுச்சாலையில் தாறுமாறாக ஓட்டுவது 281, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது 125, மிரட்டல் 351. கொல்லும் நோக்கத்தோடு ஏற்ற வந்தார் என்றால் 109. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-உம் சேரும். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், புகாரை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். மாநகரமானால் அந்தப் பகுதியின் துணை ஆணையருக்கு. அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அந்த மனுவோடு தபால் ரசீதின் நகலை இணைக்கச் சொல்வார்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.