சருகும் பாடம் சொல்லும்

ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் செப்டம்பரில் தொடங்கும். நம் மலேசியாவில் அப்படியொரு பருவம் இல்லை என்போம். ஆனால் கித்தா மரத்துக்கு அது உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலைகள் மஞ்சளாகிச் சிவந்து உதிர்கின்றன. பால் குறைகிறது, பெற்றோர் கையில் காசும் குறைகிறது. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், கித்தா நிற்கும் இடங்களில் இதை இன்றும் காணலாம்.

அந்த நாள்களில் எங்கள் பாலர் வகுப்புக்குக் காசில்லாமல் விளையாட்டுப் பொருள் கிடைக்கிறது.

ஒரு முறை ஒரு தாய் வாசலில் நின்று கேட்டார்: "எழுத்துப் படிக்க அனுப்பினா, பிள்ளைங்கள சருகு பொறுக்க விடுறீங்களே டீச்சர்?"

நியாயமான கேள்விதான். விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர், தம் பிள்ளையாவது படித்து முன்னேறட்டும் என்றுதானே அனுப்புகிறார்! அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன்.

பிள்ளைகள் முதலில் இலைகளை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். பிறகு சிறியது, பெரியது என்று வரிசையாக அடுக்கினார்கள். கணக்குக்கு இதுவே அடிப்படை. கித்தா இலையில் ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலைகள். ஒரு காம்புக்கு மூன்று, இரண்டு காம்புக்கு ஆறு என்று எண்ணும்போதே மூன்றாம் வாய்ப்பாடு தொடங்கிவிடுகிறது.

இலையின் மேல் தாளை வைத்து வண்ணப் பென்சிலால் தேய்த்தால் நரம்புகள் தெரியும். அந்தத் தேய்ப்பில் விரல்கள் பென்சில் பிடிக்கப் பழகுகின்றன. ஒரு பிள்ளை காற்றாக ஊத, மற்றவர்கள் இலைகளாகச் சுழன்று விழுவார்கள். காம்பு, நரம்பு, சருகு, தளிர் என்ற சொற்கள் விளையாட்டோடு மனத்தில் பதிகின்றன.

அந்தத் தாயின் மகன் மூன்று காம்புகளைத் தரையில் வைத்து, "அம்மா, ப!" என்றான். தாய் ஒன்றும் பேசவில்லை. மெல்லக் கீழே அமர்ந்து, இரண்டு காம்புகளை எடுத்து, பக்கத்தில் 'ட' வைத்தார்.

விளையாட்டே குழந்தையின் கல்வி என்பது புதிய செய்தியன்று. 1837-இல் ஜெர்மனியில் ஃபுரோபெல் என்பவர் பந்தும் மரக்கட்டைகளும் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். தம் பள்ளிக்கு 1840-இல் அவர் சூட்டிய பெயர் கிண்டர்கார்ட்டன். அதாவது, குழந்தைகளின் தோட்டம். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பொருத்தமான பெயர்தான்!

பெற்றோர்களே, வீட்டிலும் இதைச் செய்யலாம். சமைக்கும்போது வெங்காயத்தைச் சிறியது, பெரியது என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் எச்சரிக்கை தேவை. சருகுக் குவியலில் தேளும் பூரானும் இருக்கலாம். பெரியவர்கள் முதலில் கிளறிப் பார்க்க வேண்டும். பச்சைக் கித்தாக் கொட்டையில் நஞ்சு உண்டு. வாயில் போட விடாதீர்கள்.

மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று என்ன எழுதினாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன விளையாடினாய்?" என்றும் கேளுங்கள். அந்தப் பதிலிலும் படிப்பு இருக்கும்.